கைதி தப்பினால் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

போலீஸ் காவலிலிருந்த கைதி தப்பியோடிவிட்டான் என்னும் செய்தியை நமது நேயர்கள் பத்திரிகைகளில் அடிக்கடி கண்டிருப்பார்கள். விவரங்கள்தாம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒருவன் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் பஸ் நிலையத்து ஜன நெருக்கத்தில் மறைந்திருப்பான். இன்னொருவன் ஆஸ்பத்திரியில் மலஜலம் கழிக்கப் போவதாகச் சொல்லி ஜன்னல் வழியாக இறங்கியிருப்பான். மற்றொருவன் ஸ்டேஷனின் பின்புறச் சுவரேறிக் குதித்திருப்பான். ஆனால் செய்தியின் கடைசி இரண்டு வரிகள் மாத்திரம் மாறுவதில்லை. தப்பியவனைப் பிடிக்கத் தனிப்படைகள் அமைக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி. காவலிருந்த போலீஸ்காரர்கள் ஸஸ்பெண்டு செய்யப்பட்டிருப்பதாக இன்னொரு வரி. அத்துடன் விஷயம் முடிந்தது. இலாகா விசாரணை நடந்ததா, அதில் என்ன தெரிய வந்தது, யார் தண்டிக்கப்பட்டார், மறுபடி அவ்வாறு நிகழாதிருக்க என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பவை ஜனங்களின் காதுக்கு எட்டுவதே அபூர்வம்.

இதை ஏதோ சிப்பந்திகளின் அஜாக்கிரதை என்று சொல்லித் தள்ளிவிடுவது சரியன்று. ஒரு மனிதனைக் கைது செய்வதென்பது சர்க்கார் தன் பிரஜைமீது செலுத்தும் அதிகாரங்களில் மிகக் கடுமையானது. அவனுடைய சுதந்திரத்தைப் பறித்து, அவனுடைய உடலைத் தன் வசத்தில் எடுத்துக்கொள்ளும்போது, சர்க்கார் இரண்டு பேருக்குக் கடன்பட்டுவிடுகிறது. அவனால் தீங்கு அடைந்தவர்களுக்கும் பொதுஜனங்களுக்கும், அவனை நியாயஸ்தலத்தின் முன் நிறுத்துவதாக வாக்களிக்கிறது. அவனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும், சட்டப்படியன்றி அவன்மேல் ஒரு விரலும் படாது என்று வாக்களிக்கிறது. கைதி தப்பினால் முதல் வாக்கு பொய்யாகிறது. தப்பியதாகச் சொல்லி அவன் கொல்லப்பட்டால் இரண்டாவது வாக்கு பொய்யாகிறது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேயாகும்: "உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆள் எங்கே?" இக்கேள்விக்குப் போலீஸார் ஜவாப் சொல்லியாக வேண்டும், அந்த ஜவாபைப் போலீஸார் அல்லாத ஒருவர் பரிசோதிக்கவும் வேண்டும். இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. கடனுக்காகச் சிறை வைக்கப்பட்டவன் தப்பிவிட்டால், அவனைக் காவலில் வைத்திருந்த ஷெரீப்பே அந்தக் கடன் முழுவதையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். தெய்வச் செயலாலோ அரசனுடைய அந்நியச் சத்துருக்களாலோ தப்பிவிட்டான் என்று ருசுப்படுத்தினாலன்றி அவருக்கு வேறு கதியில்லை. உள்ளூர்க் கலகக்காரர்கள் சிறையை உடைத்தார்கள் என்ற சமாதானம்கூடச் செல்லாது. கடனாளியைச் சிறை வைக்கும் கொடிய வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தினுள் இருந்த தத்துவம் கவனிக்கத் தக்கது. காவலைக் கைக்கொண்டவனே கணக்குக் கொடுக்க வேண்டும். தன் கீழிருந்த சேவகன் தூங்கிவிட்டான் என்று அவன் சொல்லிக்கொள்ளலாகாது.

தமிழர்களுக்கு இத்தத்துவத்தை வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், விசாரியாமல் ஒருவனைக் கொல்வித்த பிழை வெளிப்பட்டபோது, பொய் சொன்ன பொற்கொல்லன்மீதோ வாளை வீசிய காவலாளன்மீதோ பழியைப் போட்டுவிட்டுத் தான் விலகிக்கொள்ளவில்லை. ஆணையிட்டவன் தானாகையால் குற்றமும் தன்னுடையதே என்று ஏற்றான். அரசன் உயிரையே கொடுத்துத் தீர்த்த கணக்கு அது. இக்காலத்து அதிகாரிகளிடம் நாம் உயிரைக் கேட்கவில்லை; உண்மையான அறிக்கை ஒன்றைத்தான் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1860-ஆம் வருஷத்து இந்தியப் பீனல் கோடின் 223-வது செக்ஷன், அசிரத்தையினால் கைதியைத் தப்ப விடும் உத்தியோகஸ்தருக்கு இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸன்ஹிதையில் இது 261-வது செக்ஷனாக இடம் பெற்றிருக்கிறது. வேண்டுமென்றே தப்ப விடுவது வேறு குற்றம். மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவனை அவ்விதம் விட்டால் ஏழு வருஷம் வரையிலும், மரண தண்டனை விதிக்கப்பட்டே விட்டவனை விட்டால் பதினான்கு வருஷம் வரையிலும் அல்லது ஆயுள் முழுவதும் சிறை. ஆகவே 'அசிரத்தை' என்ற சொல்லுக்கும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்கும் நடுவே உத்தியோகஸ்தருடைய ஜீவியமே அடங்கிக் கிடக்கிறது. இவ்விரண்டில் எது பொருந்தும் என்று முதலில் தீர்மானிப்பவர் யார்? அநேகமாக அதே ஸ்டேஷனைச் சேர்ந்தவர், அல்லது அதே ஜில்லாவில் அதே சூபரின்டெண்டெண்டின் கீழ் வேலை பார்ப்பவர். அண்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகாவின்மேல் முதல் தகவல் எழுத வேண்டியவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிப்பதற்கு வக்கீல் பரீட்சை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

மேலும் அந்தச் செக்ஷன் கதவண்டை நின்றவனைத்தான் பிடிக்கிறது. நான்கு பேர் போக வேண்டிய வழிக்காவலுக்கு இரண்டு பேரை அனுப்பியவர், பூட்டு கெட்டிருப்பதாக வந்த கடிதத்தைப் படித்துவிட்டு வைத்துக்கொண்டவர், எச்சரிக்கை வந்தும் பந்தோபஸ்தைப் பலப்படுத்தாதவர் ஆகியோர் அதன் வலையில் எளிதில் அகப்படுவதில்லை. இதனால்தான் ஸஸ்பெண்டு உத்தரவுகள் எப்பொழுதும் கீழ்ப்படியிலேயே வந்து நின்றுவிடுகின்றன.

நம் தேசத்தில் நடந்த பெரிய தப்பியோட்டங்கள் சிலவற்றை ஞாபகப்படுத்திக்கொள்வது பயன் தரும். 1986 மார்ச்சில் டில்லித் திகார் சிறையிலிருந்து சார்லஸ் சோப்ராஜ், பிறந்த நாள் என்று சொல்லிக் காவலாளருக்கு மயக்க மருந்து கலந்த தின்பண்டங்களை வழங்கிவிட்டு வெளியே நடந்து சென்றான். அடுத்த மாதமே அவன் கோவாவில் பிடிபட்டான். ஆனால் ஒரு கைதி சிறைக்குள்ளே விருந்து நடத்தும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்தது எப்படி என்பதே பெரிய கேள்வி. அந்தச் செல்வாக்கு ஒரே இரவில் வந்ததாயிருக்க முடியாது. 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி, தேசம் சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், நமது வேலூர்க் கோட்டையில் திப்பு மஹாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். சுரங்கம் என்பது ஒரு நிமிஷத்து அஜாக்கிரதையில் உண்டாகும் காரியமன்று. தோண்டிய மண் ஒவ்வொரு நாளும் எங்கேயோ போயிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சோதனை செய்திருக்க வேண்டியவர்கள் சோதனை செய்யாதிருந்திருக்க வேண்டும்.

2022 அக்டோபரில் பஞ்சாபில் நடந்தது இன்னும் வெட்கக்கேடானது. மான்ஸாவில், பிரபல பாடகர் ஒருவரின் கொலை வழக்கில் சம்பந்தப்பட்ட தீபக் டினு என்னும் கைதியை, விசாரணைப் பிரிவின் பொறுப்பு அதிகாரியே இரவில் தம் சொந்தக் காரில் ஏற்றித் தம் ஜாகைக்குக் கொண்டுபோனதாகவும், அங்கிருந்தே அவன் மறைந்ததாகவும் வெளியாயிற்று. அவ்வதிகாரி உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். கைதி அம்மாதத்திலேயே ராஜஸ்தானத்தில் அகப்பட்டான். மறு வருஷம் அக்டோபரில் புனா நகரத்து ஸாஸூன் ஆஸ்பத்திரியிலிருந்து போதை மருந்து வழக்குக் கைதி ஒருவன் தப்பினான். வியாதியென்று சொல்லி மாதக்கணக்காக அவன் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தது தப்பிய பிறகுதான் எல்லோருக்கும் உறுத்தலாயிற்று. அத்தனை நாளும் அவனை அங்கே வைத்திருக்கக் கையெழுத்திட்டவர்களுக்கு அது உறுத்தவில்லை போலும்!

எல்லாவற்றிலும் மத்தியப் பிரதேசத்து அனுபவமே மிகுந்த பாடம் தருவது. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி காண்ட்வா ஜில்லாச் சிறையிலிருந்து ஏழு பேர் தப்பினார்கள். அவர்களில் சிலர் பின்னர் பிடிபட்டு, போபால் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 2016 அக்டோபர் 30-ஆம் தேதி இரவில் அச்சிறையிலிருந்து எட்டு விசாரணைக் கைதிகள் தப்பியபோது, காண்ட்வாவில் தப்பியவர்களே மறுபடி அக்கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு முறை சிறையுடைத்தவர்கள் என்று தெரிந்தும், பல் துலக்கும் பிரஷ்களைக் கொண்டு சாவி செய்யும்வரை எவரும் கண்டுகொள்ளவில்லை. சிறையின் தலைமைக் காவலர் ஒருவர் அன்றிரவு கொலையுண்டார். காண்ட்வாவின் கணக்கை ஒழுங்காகத் தீர்த்திருந்தால், அந்தக் காவலர் உயிரோடு வீடு திரும்பியிருக்கக் கூடும். தப்பியோட்டத்தை விசாரிப்பது போலீஸாருக்கு விரோதமான காரியம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும். ஒழுங்கான விசாரணையில்லாமற் போனால் முதலில் பலியாகிறவன் காவலுக்கு நிற்கும் ஏழைச் சிப்பந்தியே.

தப்பிய எட்டுப் பேரும் மறுநாட் காலையிலேயே நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின்மேல் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவராவது உயிருடன் பிடிபடவில்லை. ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவரின் கமிஷன், போலீஸார் பலாத்காரம் பிரயோகித்தது தவிர்க்க முடியாதது, நியாயமானது என்று முடிவு கூறிற்று. அதை நாம் மறுத்துரைக்கப் புகவில்லை. ஆனால் எட்டுப் பேரின் வாயும் ஒருசேர அடைபட்டபின், அவர்கள் யாருடைய உதவியால், யாருடைய அசிரத்தையால் வெளியேறினார்கள் என்பதைச் சொல்வதற்கு யார் மிஞ்சினார்கள்? தப்பியவனை உயிருடன் பிடிப்பதில் கைதியின் நன்மை மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. அவனைத் தப்பவிட்டவர் யார் என்று அறிய விரும்பும் ஜனங்களின் நன்மையும் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் விஷயத்தின் மறு முகம் தெரிகிறது. 'தப்பியோடினான்' என்ற வார்த்தை சில வேளைகளில் நடந்ததைச் சொல்வதற்கு வழங்குகிறது. சில வேளைகளில் நடந்ததை மறைப்பதற்கு வழங்குகிறது. மெக்ஸிகோ தேசத்தில் போர்பீரியோ தியாஸ் சர்வாதிகாரியாக விளங்கிய நாட்களில் 'தப்பியோடும் சட்டம்' என்று ஜனங்கள் கசப்போடு பெயரிட்டழைத்த ஒரு வழக்கம் இருந்தது. வேண்டாத கைதியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, தப்ப முயன்றபோது சுட்டோம் என்று எழுதிவிடுவார்கள். எந்தச் சட்டப் புஸ்தகத்திலும் இல்லாத சட்டம் அது. நாஜிகளின் ஜெர்மனியிலும் இதே வாக்கியம் சர்க்கார்த் தஸ்தாவேஜுகளில் வழங்கிற்று.

நமது தேசம் இந்த வாக்கியத்துக்குப் புதியதன்று. 1987 டிஸம்பர் 1-ஆம் தேதி காலையில் ஒரிஸ்ஸா மாகாணத்தில் (இன்றைய ஒடிஷாவில்) ஜராய்கேலா என்னும் ஊரில் இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவரைத் திருட்டு விசாரணைக்கென்று போலீஸார் வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். இரவு எட்டு மணிக்குத் தாயார் அவுட்போஸ்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனார், மகன் சாப்பிட்டார். மறுநாள் பிற்பகல், மகனுடைய பிரேதம் ரயில் பாதையில் கிடப்பதாகத் தாயாருக்குத் தெரிய வந்தது. விலங்கிட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருந்த கைதி, இரவு மூன்று மணிக்குக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு தப்பியோடி ரயிலில் அடிபட்டு இறந்தான் என்று போலீஸார் சொன்னார்கள்.

அந்தத் தாயார், நீலபதி பெஹரா, வக்கீல் வைத்து வழக்காட வசதியில்லாதவர். 1988 ஸெப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட்டு அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, ஜில்லா ஜட்ஜை விசாரிக்கச் சொல்லிற்று. பிரேதத்தின்மேலிருந்த காயங்கள் மழுங்கிய கனமான பொருளால் உண்டானவை, லாத்தி அடியாலும் உண்டாகக் கூடியவை என்று டாக்டர் சாட்சி சொன்னார். ஆனால் இவற்றைவிடச் சிறியதொரு விஷயம் நம் மனத்தை உறுத்துகிறது. உண்மையாகவே அவர் தப்பியிருந்தால், போலீஸார் அவரைத் தேடியிருக்க வேண்டுமல்லவா? தேடியதற்கு நம்பத்தக்க ருசு எதுவும் இல்லை என்பதைக் கோர்ட்டு சுட்டிக்காட்டிற்று. பிரேதம் கிடப்பதை ரயில்வேச் சிப்பந்திகள் தெரிவித்த பின்னரும் போலீஸார் வெகு நேரம் கழித்தே அங்கு வந்தார்கள் என்பதும் கவனிக்கப்பட்டது. 1993 மார்ச்சு 24-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. தாயாருக்கு ஒன்றரை லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவும், குற்றவாளிகள்மீது மேல் நடவடிக்கை எடுக்கவும் மாகாண சர்க்காருக்கு உத்தரவு பிறந்தது. ஜீவாதார உரிமைகள் மீறப்பட்டால் 'சர்க்கார்மீது வழக்கில்லை' என்ற பழைய ராஜரீக விலக்குச் செல்லாது என்ற விதியும் அன்று ஊர்ஜிதமாயிற்று. படிப்பறிவோ பண பலமோ செய்ய முடியாத காரியத்தை ஒரு தாயின் கடிதம் செய்தது.

பின் வந்த வருஷங்களில் அந்தப் பாடம் நன்கு பதிந்ததாகத் தெரியவில்லை. 2019 டிஸம்பர் 6-ஆம் தேதி ஹைதராபாத்துக்கு அருகே, கற்பழிப்புக் கொலை வழக்கில் காவலிலிருந்த நால்வர் விடியற்காலையில் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் துப்பாக்கியைப் பிடுங்கித் தாக்கித் தப்ப முயன்றார்கள் என்று போலீஸார் கூறினார்கள். நாடெங்கும் ஜனங்கள் பூமாரி பொழிந்து போலீஸாரைப் புகழ்ந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த ஸ்ரீ வி. எஸ். சிர்புர்க்கர் கமிஷனோ, அது கொல்லும் கருத்துடன் வேண்டுமென்றே சுட்டதாகும் என்று முடிவு செய்து, பத்துப் போலீஸார்மீது கொலைக் குற்ற விசாரணை நடத்த வேண்டுமென்று 2022-இல் சிபார்சு செய்தது. 2020 ஜூலையில் கான்பூர் அருகே எட்டுப் போலீஸாரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் விகாஸ் துபே, உஜ்ஜயினியிலிருந்து கொண்டுவரும் வழியில் வண்டி கவிழ்ந்தபோது தப்ப முயன்றதாகச் சொல்லப்பட்டுச் சுடப்பட்டான். அதை விசாரித்த ஸ்ரீ பி. எஸ். சௌஹான் கமிஷன், போலீஸார் கூற்றுக்கு விரோதமான சாட்சியம் தன் முன் வரவில்லையென்றது. ஆயினும் அவனுக்கு உள்ளூர்ப் போலீஸ், ரெவினியூ சிப்பந்திகளின் ஆதரவு இருந்ததென்றும் கண்டது. யார் யார் அந்த ஆதரவாளர் என்பதை அவன் வாயாலேயே கேட்கும் சந்தர்ப்பம் அன்று ரோட்டோரத்தில் முடிந்துவிட்டது.

கொடியவன் செத்தொழிந்தான், நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். கோபத்தில் எழும் இக்கேள்வியை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. ஆனால் கொடியவனா அல்லனா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ரோட்டோரத்திலிருக்கும் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டால், மறுபடி அதைத் திருப்பி வாங்குவது எப்படி? ஜராய்கேலா வாலிபர்மீது இருந்தது திருட்டுச் சந்தேகம் மாத்திரமே.

நமது சட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தினால் கிரிமினல் புரொஸீஜர் கோடில் ஒரு விதி சேர்க்கப்பட்டு, 2006 முதல் அமலுக்கு வந்தது. இப்பொழுது அது பாரதீய நாகரிக சுரக்ஷா ஸன்ஹிதையின் 196-வது செக்ஷனில் இருக்கிறது. போலீஸ் காவலிலுள்ளவர் இறந்தாலும், அல்லது காணாமற் போனாலும், போலீஸ் விசாரணையோடு நில்லாமல் மாஜிஸ்டிரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்பது அவ்விதி. 'காணாமற் போனாலும்' என்ற சொற்களை நேயர்கள் கவனிக்க வேண்டும். தப்பிவிட்டான் என்று போலீஸார் சொல்லும் ஆளும் காணாமற் போனவனே. அவன் தானே ஓடினானா, ஓடவிடப்பட்டானா, அல்லது ஓடும் நிலையிலேயே இல்லாமற் போனானா என்பதைப் போலீஸாரின் வாய்மொழியால் மாத்திரம் எப்படி அறிய முடியும்? ஆகையால் காவலிலிருந்து தப்பியதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு சம்பவத்திலும், மூன்று நாட்களுக்குள் கைதி அகப்படாவிட்டால், மாஜிஸ்டிரேட் விசாரணை தானாகவே தொடங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். யோக்கியமான போலீஸ்காரனுக்கு அதனால் நஷ்டமில்லை. அவன் கூற்றுக்கு ஜனங்கள் நம்பக்கூடிய முத்திரை கிடைக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் சமாதானங்களில் ஒன்று கைவிலங்கைப் பற்றியது. கோர்ட்டுகள் விலங்கிடக் கூடாதென்று தடுத்துவிட்டன. பின் கைதி ஓடாமல் என்ன செய்வான் என்பார்கள். இது உண்மையை முழுவதும் சொல்வதாகாது. 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர், எவரையும் வழக்கமாக விலங்கிட்டு அழைத்துச் செல்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். தப்புவான் என்பதற்குத் தக்க காரணம் இருந்து, அதை எழுதி வைத்து விலங்கிடுவதை அத்தீர்ப்புத் தடுக்கவில்லை. 1995-இல் மற்றொரு தீர்ப்பு மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு பெற வேண்டுமென்றது. புதிய ஸன்ஹிதையின் 43-வது செக்ஷனோ, முன்னர் தப்பியவர்கள், தொடர்ந்து குற்றம் புரிவோர், கொலை, கற்பழிப்பு, பயங்கரச் செயல், போதை மருந்து முதலிய குற்றங்களில் சம்பந்தப்பட்டோர் ஆகியோருக்கு விலங்கிட இடங்கொடுத்தே விட்டது. கோர்ட்டுகள் விதித்தது காரணத்தை எழுது என்ற ஒரு நிபந்தனைதான். காரணம் எழுதச் சோம்பியவர்கள் விலங்கைக் குறை கூறுவது பொருந்தாது. ஜராய்கேலாவில் விலங்கும் கயிறும் இருந்தனவென்று சொன்னவர்களும் போலீஸாரே.

இன்னொரு சமாதானத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர், தண்டனை விதிக்கப்படாத விசாரணைக் கைதிகள். சிறைகளின் கொள்ளளவோ 4,36,266 தான். இவ்வளவு பேரையும் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கும் சிறைக்குமாக அழைத்துத் திரிய வேண்டியவன் ஆயுதப்படைச் சிப்பாய். இரவு பந்தோபஸ்துக்கு நின்றவனையே காலையில் வழிக்காவலுக்கு அனுப்புவதும், ஸர்க்கார் வண்டியில்லாமல் பொது பஸ்ஸில் கைதியோடு ஏற்றிவிடுவதும் நடக்கின்றன. கண் அயர்ந்த அந்தச் சிப்பாயை மட்டும் தண்டித்துவிட்டு, அவனுக்குத் தூக்கம் கொடாத அதிகாரியை விட்டுவிடுவது எந்த நியாயம்? ஆகவேதான் விசாரணை மேல் நோக்கியும் செல்ல வேண்டுமென்கிறோம். யார் எத்தனை பேரை அனுப்பினார், எந்த வண்டி கொடுத்தார், அபாயமான கைதி என்ற குறிப்பு இருந்ததா, அதைப் படித்தவர் யார் என்ற கேள்விகளுக்கு எழுத்து மூலமான ஜவாப் இருக்க வேண்டும்.

போலீஸாரை மேற்பார்வை செய்ய வேறொருவர் வேண்டுமென்பது புதிய யோசனையன்று. 1855-இல் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன், ரெவினியூ அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததன் கொடுமையை எடுத்துக் காட்டிற்று. அதன் பின் பிறந்ததே 1859-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம். அந்நிய ஆட்சியே கண்டுகொண்ட அந்த உண்மையைச் சுயராஜ்ய சர்க்கார்கள் கண்டுகொள்ளத் தயங்குவது விசித்திரம். 2006 ஸெப்டம்பர் 22-ஆம் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, மாகாணந்தோறும் ஜில்லாதோறும் போலீஸ் புகார் மன்றம் அமைக்க வேண்டும், அவற்றுக்கு ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைவராயிருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. நமது மாகாணம் 2013-இல் செய்த சட்டமோ, மாகாண மன்றத்துக்கு உள்துறைக் காரியதரிசியையும் ஜில்லா மன்றத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கி, போலீஸ் தலைமை அதிகாரிகளையே அங்கத்தினராகவும் வைத்தது. போலீஸைப் பற்றிய புகாரைப் போலீஸும் அதன் எஜமானரும் சேர்ந்து விசாரிப்பது புகார் மன்றமாகுமா? வெறும் பெயரைக் கொண்டு ஜனங்களைத் திருப்தி செய்துவிட முடியாது.

காமிராக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிஸம்பர் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஸ்டேஷன்களில் வாசல், லாக்-அப், தாழ்வாரம் முதலிய எல்லாவிடங்களிலும் காமிரா வேண்டுமென்றும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தகப்பனாரும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த விஷயத்தில், ஸ்டேஷன் காமிராப் பதிவுகள் தினந்தோறும் தாமாகவே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்டிரேட் கண்டார். கண் இருந்தும் ஞாபகம் இல்லாத காமிராவினால் என்ன பிரயோஜனம்? தப்பியோட்டம் நடந்த அன்று காமிரா பழுதாயிருந்தது என்று சொல்லப்பட்டால், அந்தப் பழுதையே போலீஸாருக்கு விரோதமான சாட்சியமாகக் கொள்ளும்படி விதி செய்ய வேண்டும்.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு கட்சி இதில் உண்டு. கைதி தப்பிய இரவில், அவனுக்கு விரோதமாகச் சாட்சி சொன்ன பெண் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் தகவல் சொன்னார்கள்? சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டமொன்றை 2018 டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுச் சட்டத்துக்குச் சமானமாக்கிற்று. ஆனால் கைதி தப்பிய முதல் மணி நேரத்திற்குள் சாட்சிகளுக்கும் வாதிகளுக்கும் அறிவித்து, அவர்கள் வாசலில் காவல் போட வேண்டுமென்ற கண்டிப்பான விதி ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் எழுதப்பட வேண்டும். செய்தி பரவினால் இலாகாவுக்கு அவமானம் என்று தப்பியோட்டத்தைச் சில மணி நேரமாவது மூடி வைக்கும் ஆசை அதிகாரிகளுக்குத் தோன்றுவது இயல்பு. அந்தச் சில மணி நேரத்தில்தான் உயிர்கள் அபாயத்திலிருக்கின்றன.

1942 நவம்பரில் தீபாவளி இரவில், ஜெயப்பிரகாஷ் நாராயணர் ஐந்து சகாக்களோடு ஹஜாரிபாக் சிறையின் மதிலை வேஷ்டிகளைக் கட்டி ஏறிக் கடந்தார் என்று கேட்டபோது தேசம் ஆனந்தித்தது. அன்று சிறை அந்நியனுடையது. அவன் காவல் குலைவது நமக்கு வெற்றியாயிருந்தது. இன்று சிறையும் நம்முடையது, போலீஸும் நம்முடையது. காவல் குலைந்தால் குலைவது நமது கௌரவமே. ஆனால் அந்நாளைய அதிகாரிகள் ஜனங்களுக்கு ஜவாப் சொல்லக் கடமைப்படாதவர்கள். இந்நாளைய அதிகாரிகள் கடமைப்பட்டவர்கள். இந்த வித்தியாசம் நடைமுறையில் தெரியாவிட்டால், கொடி மாறியதன்றி ஆட்சி மாறியதாக எப்படிச் சொல்வது?

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. தப்பியோட்டம் ஒவ்வொன்றையும் வேறு ஜில்லா அதிகாரிகள் புலன் விசாரிக்கட்டும். மாஜிஸ்டிரேட் விசாரணை தவறாமல் நடக்கட்டும். அறுபது நாட்களில் அதன் அறிக்கை பிரசுரமாகட்டும். காவலிருந்தவர் முதல் உத்தரவிட்டவர் வரை ஒவ்வொருவர் பொறுப்பும் அதில் எழுதப்படட்டும். புகார் மன்றங்களுக்கு நீதிபதிகள் தலைமை வகிக்கட்டும். வருஷந்தோறும் சட்டசபையின் முன், இத்தனை பேர் தப்பினார்கள், இத்தனை பேர் பிடிபட்டார்கள், இத்தனை உத்தியோகஸ்தர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு வைக்கப்படட்டும். கஜானாவில் ஒரு ரூபாய் குறைந்தால் ஆடிட்டர் வந்து கேட்கிறார். காவலில் ஒரு மனிதன் குறைந்தால் கேட்பார் வேண்டாமா?